நகலெடுக்காதே என்று மட்டும் கற்பிக்கும் ஆய்வுலகம்

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யும் ஒவ்வொருவரும் ஆய்வு அறநெறி, வெளியீட்டு அறநெறி பற்றிய ஒரு பாடத்தைப் படித்தாக வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு 2019ஆம் ஆண்டின் இறுதியில் கட்டாயமாக்கிய அந்தப் பாடத்துக்கு 2 மதிப்பலகுகள், 30 மணி நேரம். அதில் கருத்துத் திருட்டு உண்டு. போலி ஆய்விதழ்கள் உண்டு. மேற்கோள் அளவீடுகள் உண்டு. பிறர் எழுத்தை நகலெடுக்கக் கூடாது என்பது முதல் பருவத்திலேயே மாணவருக்கு மனப்பாடமாகிவிடுகிறது. தம்முடைய சொந்தத் தரவை எப்படி நகலெடுப்பது என்பதை மட்டும் எவரும் கற்பிப்பதில்லை.

இதை ஒரு சிறு குறை என்று தள்ளிவிட முடியாது. ஆய்வேடு அச்சாகிறது, அதன் மின்படி ஷோத்கங்காவில் ஏறுகிறது, நூலகத்தில் ஒரு படி, துறையில் ஒரு படி, நெறியாளரிடம் ஒரு படி. ஆய்வேடு எதன்மேல் நிற்கிறதோ அந்தத் தரவு, அதாவது களத்தில் எடுத்த ஒலிப்பதிவும் காணொளியும் எழுத்துப்பெயர்ப்பும், ஒரே ஒரு வன்தட்டில் மாணவரின் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. முடிவுரைக்கு ஐந்து படிகள், சான்றுக்கு ஒரு படி. நீதிமன்றத்தில் தீர்ப்பைப் பொன்னேட்டில் பொறித்துவிட்டுச் சாட்சியத்தைக் குப்பையில் போட்டால் ஊர் சிரிக்கும். பல்கலைக்கழகத்தில் அதற்குப் பெயர் முனைவர் பட்டம்.

இந்தக் கேட்டின் முழு எடையையும் அறிய வேண்டுமானால் அந்தமானுக்குப் போக வேண்டும். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில், 2010 ஜனவரி 26 அன்று போவா சீனியர் என்னும் மூதாட்டி இறந்தார். பெரிய அந்தமானிய மொழிக்குடும்பத்தைச் சேர்ந்த 'போ' மொழியைச் சரளமாகப் பேசிய கடைசி மனிதர் அவர். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையைக் கண்டு பிழைத்தவர். தம் மொழியில் உரையாட ஒருவரும் இல்லாமல் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்தவர். அவர் குரலை மொழியியலாளர் அன்விதா அப்பி பதிவு செய்திருந்தார். அந்தப் பதிவுகளைக் கொண்ட தொகுப்பு லண்டனில் தொடங்கி, 2021 முதல் பெர்லினில் இயங்கும் அருகிவரும் மொழிகளின் ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது.

இன்று 'போ' மொழி என்று ஒருவர் சொன்னால் அவர் சுட்டுவது எதை? பேசுவோர் இல்லை, கேட்டுப் புரிந்துகொள்வோரும் இல்லை. பழைய அறிஞர் சிலரின் குறிப்புகளும், அப்பியின் அகராதியும் இலக்கணமும், குரலாகச் சில கோப்புகளும் இருக்கின்றன. அந்தக் கோப்புகளின் பைட்டுகளில் ஒரு பகுதி அழிந்தால் அதைத் திரும்பப் பெற எந்தத் தீவுக்கும் போக முடியாது. வாழும் மொழிகளைப் பொறுத்தும் வாயில் அகலமானதன்று: 1956ஆம் ஆண்டின் தொல்குடிகள் பாதுகாப்பு ஒழுங்குமுறையின்கீழ் பழங்குடியினரின் ஒதுக்கப்பட்ட பகுதிகளுக்குள் அனுமதியின்றி நுழைய முடியாது. அனுமதி வேண்டும் என்பது சரியானதே. ஆனால் அதன் பொருள், ஒருமுறை பெற்ற பதிவை இழந்தவர் மறுமுறை போய் எடுத்துவரலாம் என்று நம்பியிருக்க முடியாது என்பதுதான்.

இனி ஒரு மாணவரை எண்ணிக்கொள்வோம். போர்ட் பிளேரின் டெலானிபூரில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். ஆல் இந்தியா ரேடியோ நிலையம் அமைந்திருக்கும் பகுதி அது; தமிழும் நிக்கோபாரியும் உட்படப் பல மொழிகள் வானில் ஏறும் இடம். களப்பணி முடிந்துவிட்டது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், இரு தடங்கள் என்னும் ஆவணத் தரத்தில் 110 மணி நேரப் பதிவு. ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1.04 கிகாபைட் வீதம் 114 கிகாபைட். படங்களும் எழுத்துப்பெயர்ப்புகளும் சேர்ந்து 120. எல்லாம் ஒரு டெராபைட் வன்தட்டில். நாளை கப்பல். இரவு பத்து மணிக்கு அவர் இன்னொரு வன்தட்டைச் செருகி, எல்லாவற்றையும் தெரிவு செய்து, இழுத்துப் போட்டுவிட்டுப் படுக்கிறார். காலையில் திரையில் எந்தச் செய்தியும் இல்லை. நகல் ஆகிவிட்டது என்று அவர் நம்புகிறார்.

என்ன ஆனது என்பது அவருக்குத் தெரியாது. எல்லாமே சரியாக நகலாகியிருக்கலாம். நள்ளிரவில் மின்சாரம் போய், பாதிக் கோப்பு முழுக் கோப்பின் பெயரோடு நிற்கலாம். கோப்புகளின் நேரக்குறிப்பு மாறியிருக்கலாம்: முதலில் எந்தக் கதை, பிறகு எந்தச் சொற்பட்டியல் என்பதற்கு அந்த நேரக்குறிப்பே சான்று. மறைகோப்புகள் விடுபட்டிருக்கலாம். பெரிய எழுத்தும் சிற்றெழுத்துமாக வேறுபட்ட இரு ஆங்கிலப் பெயர்களை லினக்ஸின் கோப்பு முறைமை இரண்டாகக் காணும்; மெமரி கார்டுகளில் உள்ள எக்ஸ்ஃபேட் ஒன்றாகவே காணும். ஒன்றின்மேல் மற்றொன்று எழுதப்பட்டால் ஓசையில்லாமல் ஒரு நேர்காணல் போய்விடும்.

தமிழில் கோப்புக்குப் பெயரிடுவோருக்கு இன்னொரு பொறி உண்டு. 'கொ' என்னும் எழுத்தை யூனிகோடில் இருவகையாகக் குறிக்கலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றாக, அல்லது ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் இரண்டாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு வேறு வேறு பைட்டுகள். ஆப்பிள் கணினிகளின் பழைய கோப்பு முறைமையான எச்எஃப்எஸ் பிளஸ் பெயர்களைப் பிரித்தே சேமிக்கும். லினக்ஸ் கொடுத்ததைக் கொடுத்தபடி வைக்கும். இவற்றினிடையே 'கொக்கு' என்று பெயரிட்ட ஒரு கோப்பைக் கொண்டுசென்று திரும்பினால், ஒரே கோப்புறையில் இரண்டு 'கொக்கு'கள் நிற்கக்கூடும். எது மூலம், எது நகல் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது.

இத்தனையும் நேர்வதற்குக் காரணம், 'கோப்பு' என்பதையே தரவு என்று எண்ணுவது. கோப்பு என்பது கோப்பு முறைமை காட்டும் ஒரு தோற்றம். தட்டில் இருப்பவை எண்ணிடப்பட்ட தொகுதிகள். எந்தக் கோப்புக்கு எந்தத் தொகுதிகள், அதன் பெயர் என்ன, எப்போது எழுதப்பட்டது, எந்தத் தொகுதிகள் காலி என்பவற்றைக் குறித்து வைத்திருக்கும் பேரேடுதான் கோப்பு முறைமை. நூலகத்தில் புத்தகம் மட்டும் இருந்து அட்டவணை எரிந்துபோனால் அது நூலகமாக இராது. தாள்களின் குவியலாகவே இருக்கும். இழுத்துப் போட்டு நகலெடுப்பவர் புத்தகங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் புதிய கட்டடத்துக்குக் கொண்டுபோய், அங்குள்ளவர் எழுதும் புதிய அட்டவணையை நம்புகிறார். பழைய அட்டவணை வரவேயில்லை.

அட்டவணையும் புத்தகமும் ஒன்றாக வர வேண்டுமானால் கோப்பு முறைமையையே நகலெடுக்க வேண்டும். அதற்கான கருவிகள் இலவசம். எந்த லினக்ஸ் கணினியிலும் எளிதில் கிடைக்கும். வன்தட்டு கணினியில் செருகப்பட்டிருக்கும். ஆனால் பொருத்தப்பட்டிருக்கக் கூடாது. பொருத்தினாலே கோப்பு முறைமை தன் பேரேட்டில் சில குறிப்புகளை மாற்றிவிடும். பிறகு கட்டளைவரியில் 'டிடி' என்னும் கட்டளை. 1970களிலிருந்து யூனிக்ஸ் உலகில் புழங்கும் அது, முதல் பைட்டிலிருந்து கடைசி பைட்டு வரை அப்படியே எடுத்து ஒரு படிமக் கோப்பாக எழுதும். தட்டு பழுதடைந்திருந்தால் 'டிடிரெஸ்க்யூ' என்னும் கருவி நல்ல பகுதிகளை முதலில் மீட்டு, படிக்க முடியாத இடங்களைத் தனியே பட்டியலிட்டுத் தரும். எது இழக்கப்பட்டது என்று தெரிந்த இழப்பு பதிப்புக் குறிப்பில் சேரும். தெரியாத இழப்பு ஆய்வு முடிவில் சேரும்.

நகலெடுத்ததும் வேலை முடிவதில்லை. மூலத்துக்கும் படிமத்துக்கும் ஷா-256 என்னும் சரிபார்ப்புத் தொகையைக் கணக்கிட வேண்டும். ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த 64 இலக்கத் தொகை அடியோடு மாறிவிடும். இரண்டும் ஒத்தால் நகல் நகல்தான். 'பார்த்தால் சரியாக இருக்கிறது' என்பதற்கும் 'சரிபார்த்தாயிற்று' என்பதற்கும் உள்ள தொலைவு, செவிவழிச் செய்திக்கும் கல்வெட்டுக்கும் உள்ள தொலைவு.

இப்போது மாணவரிடம் 120 கிகாபைட் தரவுக்கு ஒரு டெராபைட் படிமம் இருக்கிறது. காலியிடமும் நகலானதால் வந்த பருமன் அது. நொடிக்கு 10 மெகாபிட் இணைப்பில் அதை அனுப்ப ஒன்பது நாளுக்கு மேல் ஆகும்; சென்னைக்குக் கப்பல் ஏறக்குறைய மூன்று நாளில் போய்விடும். சென்னையையும் அந்தமானையும் இணைக்கும் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் கடலடிக் கம்பி 2020 ஆகஸ்ட் 10 அன்றுதான் தொடங்கி வைக்கப்பட்டது. அதற்குமுன் செயற்கைக்கோளை நம்பியிருந்த தீவுகள் அவை. ஆகவே சுருக்குவது ஆடம்பரமன்று. படிமத்தின் ஒரு நகலை எடுத்துக்கொண்டு, அதன்மேல் முதலில் 'ஈ2எஃப்எஸ்சிகே' கொண்டு கோப்பு முறைமை பழுதின்றி இருக்கிறதா என்று ஆராய வேண்டும். பின் 'ரீசைஸ்2எஃப்எஸ்' கட்டளையைக் குறைந்தபட்ச அளவு என்னும் தெரிவோடு இட்டால், சிதறிக் கிடக்கும் தொகுதிகளை அது முன்னோக்கி நகர்த்தி, கோப்பு முறைமையை அதன் உள்ளடக்கம் கேட்கும் அளவுக்கு ஒடுக்கும். அந்த எல்லையோடு படிமத்தின் வாலை வெட்டிவிட்டால் ஒரு டெராபைட் ஏறத்தாழ 120 கிகாபைட்டாகச் சுருங்கும். அதே இணைப்பில் 27 மணி நேரம் போதும். இது லினக்ஸின் எக்ஸ்ட்4 வகைக்கு உரிய வழி. விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் வகைக்குப் பயன்பாட்டில் உள்ள தொகுதிகளை மட்டும் எடுக்கும் 'என்டிஎஃப்எஸ்குளோன்' உண்டு.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. சுருக்கிய படிமத்தின் சரிபார்ப்புத் தொகை மூலத்தோடு ஒத்துப்போகாது. ஒத்துப்போகவும் கூடாது, ஏனெனில் அது வேறொரு பொருள். ஆகவே சுருக்குவதற்கு முன்பே உள்ளிருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியே தொகை கணக்கிட்டுப் பட்டியலாக வைத்துக்கொண்டு, சுருக்கிய பின் அந்தப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். வடிவம் மாறலாம், பொருள் மாறக் கூடாது என்பதை எண்ணால் நிறுவுவது அது. மூலத்தின்மேல் இந்த வேலைகளில் எதையும் செய்யக் கூடாது என்பது சொல்லாமலே விளங்க வேண்டும். விளங்குவதில்லை என்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது.

சுருக்கம் என்ற சொல்லுக்குள் இரு வேறு செயல்கள் ஒளிந்திருக்கின்றன. வெறுமையை நீக்குவது ஒன்று. பொருளை நீக்குவது மற்றொன்று. மேலே சொன்னது முதல் வகை. ஒலிப்பதிவை ஃப்ளாக் வடிவில் சுருக்குவதும் அதே வகை: விரித்தால் ஒவ்வொரு மாதிரியும் இருந்தபடியே திரும்பும். 128 கிலோபிட் எம்பி3 ஆக மாற்றினால் 1.04 கிகாபைட் 58 மெகாபைட் ஆகும். பதினெட்டில் ஒரு பங்கு. மகிழ்ச்சியோடு மாற்றிவிட்டு மூலத்தை அழிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். 'இடம் அடைக்கிறது, எம்பி3 போதும்' என்று சொல்லும் நெறியாளர்களும் இருக்கிறார்கள்.

போதாது. மனிதச் செவி கவனிக்காது என்று ஒரு சூத்திரம் கருதுவதை எம்பி3 எறிந்துவிடுகிறது. வெடிப்பொலியின் வெடிப்புக்கு முன்னே இல்லாத இரைச்சலைப் பரப்புகிறது. பதிவின் தொடக்கத்தில் சில பத்து மில்லிநொடிகளைச் சேர்த்துவிடுகிறது. ஈலான் மென்பொருளில் நேரம் குறித்துச் செய்த எழுத்துப்பெயர்ப்பு அந்த அளவுக்கு நழுவுகிறது. மூச்சு கலந்த வெடிப்பொலிக்கும் கலவாததற்கும் உள்ள வேறுபாடே சில பத்து மில்லிநொடிதான். ஒலியனியலை அளக்க வந்தவர் அளவுகோலையே தேய்த்துவிட்டு அளக்கிறார். பேசுவோர் கோடிக்கணக்கில் உள்ள மொழியில் இது அசட்டை. பேசுவோர் ஒருவரும் இல்லாத மொழியில் இது அழிவு.

தமிழ்ப் புலமை மரபுக்கு இது புதிய பாடமன்று. ஏடெழுதியோர் ஓலை கிழியாமலிருக்கப் புள்ளியை விட்டனர். மெய்யும் உயிர்மெய்யும் ஒன்றாயின. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒன்றாயின. ஏட்டில் இருப்பது எரியா ஏரியா என்பது படிப்பவர் ஊகத்துக்கு விடப்பட்டது. எழுதியவருக்கு அது சிக்கனம். எழுதியவர் மறைந்து முந்நூறு ஆண்டு கழித்துப் படிப்பவருக்கு அது புதிர். இழப்புள்ள சுருக்கம் என்பதன் பழந்தமிழ் வடிவம் அதுவே. 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், பல ஏடுகளைத் தேடி ஒப்பிட்டுப் பாடவேறுபாடுகளைக் குறித்தார். ஒரு பிரதியை நம்பக் கூடாது, பிரதிகளை ஒப்பிட வேண்டும், வேறுபாட்டை மறைக்காமல் எழுதி வைக்க வேண்டும் என்பது அவர் காலத்துக்குப் பிறகு தமிழ்த்துறைகளின் அரிச்சுவடி. அதே துறைகளில் அதே அரிச்சுவடியைக் கற்பிக்கும் பேராசிரியர்கள், தம் மாணவரின் வன்தட்டு என்று வரும்போது ஒற்றைப் பிரதியோடு அமைதியாக உறங்குகிறார்கள்.

தரவைக் காப்பதைவிடக் கடுமையான வினா ஒன்றும் உண்டு: தரவை அழிப்பது. களத்தில் ஒரு பெண் தம் குடும்பத்துத் துயரத்தைச் சொல்லிவிட்டு, மறுநாள் வந்து 'அதை அழித்துவிடு' என்கிறார். மாணவர் அவர் எதிரிலேயே அழிக்கிறார். திரையிலிருந்து பெயர் மறைகிறது. வன்தட்டில் உண்மையில் நடந்தது, பேரேட்டில் அந்தப் பெயர் அடிக்கப்பட்டு அதன் தொகுதிகள் 'காலி' என்று குறிக்கப்பட்டது மட்டுமே. வேறொன்று அவற்றின்மேல் எழுதப்படும் வரை குரல் அங்கேயே கிடக்கும். முழுப் படிமத்தை எடுத்து ஆவணக்காப்பகத்துக்கோ சக ஆய்வாளருக்கோ கொடுத்தால் அழித்த நேர்காணலும் உடன் போகும். மீட்கும் கருவி தெரிந்த எவரும் அதைக் கேட்கலாம். கொடுத்த வாக்கு மீறப்பட்டது என்பதே வாக்குக் கொடுத்தவருக்குத் தெரியாது.

ஆகவே சுருக்குதல் என்பது இடத்தைச் சேமிக்கும் வேலையோடு நின்றுவிடுவதில்லை. அது அறத்தின் வேலையும் ஆகும். 'ஜீரோஃப்ரீ' போன்ற கருவி காலித் தொகுதிகளைச் சுழியங்களால் நிரப்பும். அதன்பின் வெறுமை உண்மையிலேயே வெறுமை ஆகும். சுழியங்கள் ஜிசிப்பில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுவது கூடுதல் ஆதாயம். சுழியமாக்காத முழுப் படிமங்கள் கையில் இருக்கும் வரை வாக்கு நிறைவேறவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. வெளியே போவது துப்புரவான படிமமாக இருக்க வேண்டும், துப்புரவாகாதது அழிய வேண்டும். ஒப்புதல் படிவத்தில் 'எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்' என்று அச்சிட்டுக் கையொப்பமோ கைநாட்டோ வாங்கும் நிறுவன அறநெறிக் குழுக்கள், அந்த விலகல் வன்தட்டில் எப்படி நிறைவேறும் என்று கேட்டதுண்டா? கேட்காத வரை அந்த வரி வெறும் அலங்காரம்.

இதற்கெல்லாம் வழக்கமாக மூன்று மறுமொழிகள் வரும்.

முதலாவது: 'இது தொழில்நுட்பப் பணியாளரின் வேலை, மொழியியலாளரின் வேலை மொழி.' ஏட்டைப் பெயர்த்தெழுதுவது எழுத்தரின் வேலை, ஒப்பிடுவது வேண்டுமானால் புலவரின் வேலை என்று சாமிநாதையர் ஏடுகளைத் தொடாமல் இருந்திருந்தால் என்ன மிஞ்சியிருக்கும்? எந்தக் கோப்பு எந்த நேர்காணலின் தொடர்ச்சி, எந்த நேரக்குறிப்பு பொய், எது அழிக்கப்பட வேண்டியது என்பது பணியாளருக்குத் தெரியாது. களத்தில் இருந்தவருக்கே தெரியும். தவிர, டெலானிபூர் அறையில் இரவு பத்து மணிக்கு எந்தப் பணியாளரும் இருக்கமாட்டார். கைவேலை என்றால் தாழ்ந்தது, கருத்துவேலை என்றால் உயர்ந்தது என்னும் பழைய நோய்தான் இந்த மறுமொழியில் பேசுகிறது. அந்த நோய்க்கு இந்த நாட்டில் என்ன பெயர் என்பதைச் சமூக அறிவியல் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது: 'கட்டளைவரி ஆபத்தானது.' உண்மை. டிடி கட்டளையில் மூலத்தையும் இலக்கையும் இடம் மாற்றிக் கொடுத்தால் வெற்றுத் தட்டு நிறைந்த தட்டின்மேல் எழுதப்பட்டுவிடும். அது திரும்பக் கேட்காது. ஆனால் இந்த ஆபத்து பயிற்சியால் குறைவது. மூலத் தட்டை எழுதத் தடை செய்துவிட்டுத் தொடங்குவது, தட்டின் பெயரையும் கொள்ளளவையும் பட்டியலிட்டு இருமுறை பார்ப்பது, முதல் பத்து முறை வெற்றுப் பென்டிரைவில் பழகுவது என்று கற்றுக்கொடுக்க ஒரு பிற்பகல் போதும். சுட்டியால் இழுத்துப் போடுவதன் ஆபத்து வேறு வகை: தவறு நடந்தது எனச் சொல்லவே சொல்லாது. கட்டளைவரியில் இட்ட கட்டளையை அப்படியே எழுதி ஆய்வேட்டின் பின்னிணைப்பில் சேர்க்கலாம். பிறர் அதை இட்டுப் பார்த்து அதே விடையைப் பெறலாம். சுட்டியின் அசைவை எந்தப் பின்னிணைப்பில் சேர்ப்பது? மீண்டும் செய்து காட்டத்தக்கதே ஆய்வு முறை என்று பாடம் எடுப்போர் இதையும் எண்ண வேண்டும்.

மூன்றாவது: 'இப்போதுதான் மேகக் கணிமை இருக்கிறதே.' கணினியில் அழித்தால் மேகத்திலும் அழியும் ஒத்திசைவுக்குக் காப்புநகல் என்று பெயரில்லை. பல்கலைக்கழக மின்னஞ்சலோடு கட்டிய கணக்கு, மாணவர் வெளியேறும் நாளில் மூடப்படக்கூடும். பழங்குடி மக்களின் குரலை எந்த நாட்டின் கணினியில், எந்த நிறுவனத்தின் நிபந்தனைக்கு உட்பட்டு வைப்பது என்பது அந்த மக்களைக் கேட்டு முடிவு செய்ய வேண்டிய ஒன்று. மேகம் மூன்றாவது நகலாக இருக்கலாம். ஒரே நகலாக இருக்க முடியாது.

ஒவ்வொரு நாளும் முழுப் படிமம் எடுக்க வேண்டும் என்பதில்லை. நாள்தோறும் 'ஆர்சிங்க்' கொண்டு புதிய கோப்புகளை இரண்டாம் தட்டுக்கு அனுப்பி, சரிபார்ப்புப் பட்டியலைப் புதுப்பித்தால் போதும். களம் முடியும்போதும், தட்டை மாற்றும்போதும், காப்பகத்துக்கு ஒப்படைக்கும்போதும் முழுப் படிமம் வேண்டும். இதில் எதுவும் முனைவர் பட்ட அறிவுக்கு மீறியதன்று. ஒலியலை வரைபடத்தில் அதிர்வெண் செறிவுகளை அளக்கக் கற்றவருக்கு ஐந்து கட்டளைகள் பாரமில்லை.

வேண்டியவை சில. 30 மணி நேர அறநெறிப் பாடத்தில் 4 மணி நேரம் தரவை நகலெடுக்கவும், சரிபார்க்கவும், சுருக்கவும், அழிக்கவும் ஒதுக்கப்பட வேண்டும். செய்முறையாக, கணினியின் முன் அமர்ந்து. களப்பணி நிதியில் இரண்டாவது, மூன்றாவது வன்தட்டுக்கான செலவு கேள்வியின்றி ஏற்கப்பட வேண்டும். விமானச் சீட்டுக்குப் பணம் தந்துவிட்டு வன்தட்டுக்குக் கை விரிப்பது கஞ்சத்தனமாகக்கூட இல்லை, கணக்குத் தெரியாமை. ஆய்வேட்டோடு சரிபார்ப்புப் பட்டியலும் ஒப்படைக்கப்பட வேண்டும். நெறியாளர் தம் கையொப்பத்துக்கு முன் அந்தப் பட்டியலைத் தாமே ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். தெரியாவிட்டால் மாணவரிடம் கற்றுக்கொள்ளலாம், அதில் இழிவில்லை.

வாய்மொழித் தேர்வில் புறத் தேர்வாளர் கேட்கும் முதல் கேள்வி, 'இந்தத் தலைப்பை ஏன் தெரிவு செய்தீர்கள்?' என்பதாகவே பல காலமாக இருந்துவருகிறது. அதற்கான விடை முன்னுரையில் அச்சாகியிருக்கிறது. அந்த இடத்தில் வேறொரு கேள்வி வரட்டும்: 'உங்கள் தரவுக்கு எத்தனை நகல்கள், அவை எங்கெங்கே இருக்கின்றன, கடைசியாக எந்த நாளில் சரிபார்த்தீர்கள்?' இதற்கு விடை சொல்ல முடியாத ஆய்வேடு திருத்தத்துக்குத் திருப்பி அனுப்பப்பட வேண்டும். சில ஆண்டுகள் அப்படி நடந்தால் டெலானிபூரில் கப்பலுக்குக் காத்திருக்கும் மாணவர், இழுத்துப் போட்டுவிட்டு உறங்கப் போகமாட்டார்.